ரோஜாத் தளிர் சிவந்தால் நோயா?

கவாத்துக்குப் பிறகு வரும் இளந்தளிரையும் நோய் அறிகுறியையும் பிரித்துப் பார்க்க ஒரு தோட்டப் பாடம்

ஐப்பசி, கார்த்திகையில் ரோஜாவுக்குக் கவாத்து முடித்த பிறகு, ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரியான கேள்வி என்னிடம் வரும். "கவாத்து பண்ணி மூணு வாரம் ஆச்சுங்க. புதுசா வர்ற தளிரெல்லாம் ரத்தச் சிவப்பா இருக்கு. நோய் விழுந்துடுச்சுங்களா? என்ன அடிக்கலாம்?"

இந்தக் கேள்வியின் கடைசிப் பகுதிதான் எனக்குக் கவலை தருவது. என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன்பே என்ன அடிக்கலாம் என்று கேட்கிற பழக்கம், ரசாயன விவசாயம் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மருந்துக் கடையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்ம கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு டப்பா மருந்து, இன்றைக்கு வேப்பெண்ணெய். டேங்க் மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை.

கவாத்துக்குப் பிறகு வரும் தளிர்தான் இன்னும் 40, 45 நாளில் பூவாகி மார்க்கெட்டுக்குப் போகிறது. ஓசூர் பக்கம் கொய்மலர் போட்டவர்களுக்கும், திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கம் உதிரிப்பூ எடுப்பவர்களுக்கும் தை முகூர்த்த விலை இந்தத் தளிரில்தான் இருக்கிறது. நல்ல தளிரை நோய் என்று நினைத்து வெயிலில் எண்ணெய் அடித்தால் தளிர் கருகும், நம்ம தோட்டத்துப் பொறிவண்டும் சேர்ந்து போகும். இன்னொரு பக்கம், உண்மையிலேயே இலைப்பேன் ஏறியிருக்கும்போது "தளிர்னா சிவப்பாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டால் மொட்டு மலராமல் போகும். எந்தப் பக்கம் தப்பாகக் கணித்தாலும் நஷ்டம் நமக்குத்தான். அதனால் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

தளிர் ஏன் சிவக்கிறது?

மாமரத்தைப் பாருங்க. புதுத்தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். மாந்தளிர் நிறம்னு புடவைக்கே பேர் வச்சிருக்கோம். அரசமரமும் இலுப்பையும் துளிர்க்கும்போது இதே கதைதான். மாந்தளிர் சிவந்திருக்கிறதே என்று யாரும் மருந்து தேடிப் போவதில்லை. சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகியதால் அதில் பயம் இல்லை. ரோஜா காசு கொடுத்து வாங்கி வைத்த செடி. அதனால் சின்ன மாற்றம் தெரிந்தாலும் மனசு பதறுகிறது.

இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பச்சையம் பிறந்த அன்றே முழுசாக வந்துவிடாது. இலை விரிய விரியத்தான் அது சேரும். அதுவரை இளந்தளிரால் முழு வெயிலைத் தாங்கி உணவாக மாற்ற முடியாது. அந்த நாட்களில் ஆந்தோசயனின் என்கிற சிவப்பு நிறமி இலையின் மேல்பகுதியில் சேர்ந்து, வெயிலில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. கத்தரி நாற்றங்காலுக்கு நாம தென்னங்கீற்றுப் போட்டு நிழல் கொடுக்கிறோம் இல்லையா, அது மாதிரி செடி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நிழல் இது. பச்சையம் நிறைந்ததும் நிழல் தேவைப்படாது, சிவப்பு குறைந்துவிடும்.

இரவில் குளிரும் பகலில் பளிச்சென்ற வெயிலும் இருந்தால் சிவப்பு கூடுதலாகத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் நிறைய பேர் பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வகைக்கு வகையும் மாறும். அடர்சிவப்புப் பூ வகைகளில் பெரும்பாலும் தளிர் கருஞ்சிவப்பாக வரும். வெள்ளை, வெளிர்மஞ்சள் வகைகளில் பல, பச்சையாகவே தளிர் விடும். ஒரே தோட்டத்தில் ரெண்டு வகை வச்சிருக்கிறவங்க, ஒரு பாத்தி சிவப்பாகவும் பக்கத்துப் பாத்தி பச்சையாகவும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

ஆரோக்கியமான தளிர் எப்படி இருக்கும்?

முதலில் நல்ல தளிரைக் கண்ணுக்குப் பழக்கணும். நல்லதைத் தெரியாதவருக்குக் கெட்டது எதுவென்றும் தெரியாது.

நல்ல தளிரில் ஒரு மினுமினுப்பு இருக்கும், எண்ணெய் தடவியது போல. சிற்றிலைகள் மடிந்து பிறந்தாலும், விரியும்போது இரண்டு பக்கமும் சமமாக, தட்டையாக விரியும். சிவப்பு இலை முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு திட்டு என்று இருக்காது. முள்ளும் சிவந்து, விரலால் அழுத்தினால் வளையும் அளவுக்கு மெதுவாக இருக்கும். தண்டு முற்ற முற்ற முள்ளும் முற்றிவிடும். குருத்தின் நுனியில் மொட்டு பட்டாணி அளவில் நேராக நிமிர்ந்து நிற்கும்.

முக்கியமான அடையாளம், பச்சை ஏறும் வரிசை. குருத்தின் அடி இலைதான் மூத்தது. அது முதலில் பச்சையாகும், பிறகு அதற்கு மேல் உள்ளது, அப்படியே ஒவ்வொன்றாக நுனி வரைக்கும் பச்சை ஏறும். ஒரே குருத்தில் அடியில் பச்சை, நடுவில் செம்பும் பச்சையும் கலந்தது, நுனியில் சிவப்பு என்று மூன்றும் இருந்தால், அது நல்லபடியாக வளர்ந்துகொண்டிருக்கும் குருத்து.

செடியின் அடியிலிருந்து, ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே, கட்டைவிரல் பருமனில் கருஞ்சிவப்பாக ஒரு குருத்து விறுவிறுவென்று கிளம்பும். மற்றக் கிளைகளைவிட வேகமாக வளர்வதைப் பார்த்து "இது ஏதோ கோளாறு" என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டாதீங்க. நாளைக்குக் கிழட்டுக் கிளைக்குப் பதிலாகப் பூக்கப்போவது இந்த அடிக்குருத்துதான்.

மூன்று கேள்விகள்

தோட்டத்தில் எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தாலும், டேங்கைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்க.

முதல் கேள்வி: இது எந்த வயசு இலை? இளந்தளிரில் சீரான சிவப்பு இருந்தால் அது வயசுக்கேற்ற நிறம். முற்றிய இலையில் சிவப்போ, செம்பு நிறமோ, ஊதாவோ வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது.

இரண்டாவது கேள்வி: எல்லாச் செடியிலும் ஒரே மாதிரியா, திட்டுத் திட்டாகவா? ஒரே நாளில் கவாத்து செய்த ஒரே வகைச் செடிகள் ஒன்றுபோலத் தளிர்க்கும். பூச்சியும் நோயும் பெரும்பாலும் ஒரு மூலையில், ஒரு வரப்போரத்தில், ஒரு சில செடியில் தொடங்கிப் பரவும்.

மூன்றாவது கேள்வி: நாளாக ஆக எந்தப் பக்கம் போகிறது? தளிர்ச் சிவப்பு நாள் போகப் போகக் குறையும். நோயும் பூச்சியும் கவனிக்காமல் விட்டால் கூடும். இன்றைக்கு ஒரு நாள் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

தளிரில் வரும் உண்மையான தொல்லைகள்

இலைப்பேன்: தளிரில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மிளகாயில் இலையை மேல்நோக்கிச் சுருட்டுகிறதே, அதே இலைப்பேன் ரோஜாவுக்கும் வரும். தளிர் மினுமினுப்பை இழந்து, செம்பழுப்பாகக் காய்ந்த கோடுகள் விழும். இலை ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக விரியும். மொட்டின் இதழ் ஓரம் பழுப்பாகிக் கருகி, பூ பாதி மலர்ந்து நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இதுவும் "சிவந்த தளிர்" மாதிரியே தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் நல்ல தளிரின் சீரான சிவப்பு இதில் இருக்காது. சந்தேகமாக இருந்தால் வெள்ளைத்தாளைத் தளிருக்கு அடியில் பிடித்து நாலு தட்டு தட்டுங்க. இளமஞ்சள் நிறத்தில் மெல்லிய சின்னக் கோடுகள் தாளில் ஓடினால் அது இலைப்பேன்.

சாம்பல் நோய்: இளந்தளிரில் விபூதி தூவியது போல வெண்பொடி படரும். வெண்பொடி நன்றாகத் தெரிவதற்கு முன்பே தளிர் முறுக்கிக்கொண்டு, இலையில் ஊதாச் சிவப்புத் திட்டுகள் வருவதும் உண்டு. அதைத் தளிர்ச் சிவப்பு என்று நினைத்து விட்டுவிடுவோம். முறுக்கிய இலையின் இரண்டு பக்கத்தையும், மொட்டின் காம்பையும் விரலால் தேய்த்துப் பாருங்க. வெள்ளையாக ஒட்டினால் சாம்பல் நோய். பகலில் காய்ந்த காற்று, இரவில் குளிரும் ஈரப்பதமும் என்று இருக்கிற நாட்களில் இது வேகமாகப் பரவும். இலை நனைந்தால்தான் வரும் என்பதில்லை. மழை இல்லாத மார்கழியில் இது வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

அடிச்சாம்பல் நோய்: பசுமைக்குடிலிலும் மலையோரக் குளிர்ப் பகுதியிலும், இலை ஈரம் காயாமல் இருக்கிற நாட்களில் வரும். இளம் இலையில் நரம்புகளுக்கு நடுவே கட்டம் போட்டது போல ஊதாச் சிவப்பு அல்லது பழுப்புத் திட்டுகள் தெரியும். இதுதான் தளிர்ச் சிவப்போடு அதிகம் குழம்பும் நோய். வித்தியாசம் இரண்டு: திட்டுக்கு நரம்பே எல்லையாக நிற்கும். தொட்டாலே சிற்றிலை உதிரும். நல்ல தளிரின் சிற்றிலை அப்படி உதிராது. இதைப் பார்த்த அன்றே காற்றோட்டத்துக்கு வழி செய்யணும். இரண்டு மூன்று நாளில் செடியை மொட்டையாக்கிவிடும்.

அசுவினி: இது கண்ணுக்கு நேராகவே தெரியும். குருத்து நுனியிலும் மொட்டுக் காம்பிலும் பச்சையாகக் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும். இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறி இறங்கும். இதில் பார்க்க வேண்டியது அசுவினியை மட்டும் இல்லை, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும்தான். குட்டி முதலை மாதிரி, கறுப்பில் மஞ்சள் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. அதைப் பூச்சி என்று நசுக்கிவிடாதீங்க. அசுவினிகளுக்கு நடுவே உப்பிப்போய், பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருப்பவை குளவி முட்டையிட்டுச் செத்தவை. இந்த இரண்டையும் பார்த்தால் ஒரு வாரம் பொறுத்திருங்க. வேலைக்கு ஆள் ஏற்கெனவே வந்தாச்சு.

நுனிக்கருகல்: கவாத்து வெட்டின் நுனி கொஞ்சம் காய்வது இயல்பு. அது பக்கத்துக் கணுவோடு நின்றுவிடும். கருமையோ பழுப்போ கணுவைத் தாண்டிக் கீழே இறங்கினால் அது நுனிக்கருகல். புதுத்தளிர் விட்ட கிளையிலேயே இப்படி இறங்கி, தளிரும் திடீரென்று வாடும். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்க. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுச்சோறு வெள்ளையாக இருக்கணும். பழுப்பாக இருந்தால், வெள்ளை தெரியும் வரை கீழே இறங்கி வெட்டி, வெட்டியதைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிச்சுடுங்க. கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி துடைத்துச் சுத்தம் செய்வதும், வெட்டுவாயில் பசுஞ்சாணம் குழைத்துப் பூசுவதும் நல்ல பழக்கம்.

முற்றிய இலையில் பார்க்க வேண்டியவை

தளிரையே பார்த்துக்கொண்டிருந்தால் அடியில் நடப்பது தெரியாமல் போகும். இரண்டு தொல்லைகள் கீழ் இலையில்தான் தொடங்குகின்றன.

கரும்புள்ளி நோய்: தரையை ஒட்டிய முற்றிய இலைகளில், ஓரம் பிசிறடித்த கறுப்பு வட்டங்கள் விழும். அதைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். இலை ஏழு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நனைந்திருந்தால் நோய் பிடிக்க வசதி. சாயங்காலம் செடி மேல் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை நிறுத்துவதே பாதி வைத்தியம். காலையில், வேரடியில் ஊற்றுங்க. உதிர்ந்த இலையைச் செடி அடியில் மூடாக்காக விடாமல் பொறுக்கி எடுத்துடுங்க. மற்ற மூடாக்கு இருக்கட்டும், நோயுற்ற இலை வேண்டாம். மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீரோடு நோய் மறுபடி மேலே ஏறும்.

செஞ்சிலந்தி: மாசி தொடங்கி வெயில் ஏற ஏற வரும். முற்றிய இலை ஊசியால் குத்தியது போல வெளிறி, பிறகு செம்பு நிறமாகிவிடும். முதல் கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்க. இளசில் செம்பு நிறம் இருந்தால் சரி, முற்றியதில் இருந்தால் சந்தேகப்படணும். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படையும், ஊர்ந்து திரியும் தூசு போன்ற புள்ளிகளும் இருக்கும். இலை அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதுதான் முதல் வேலை. இதைக் காலையில் செய்தால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும்.

நோயே இல்லாத சில குழப்பங்கள்

தளிர் மஞ்சளாக வந்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும், தண்ணீர் தேங்கும் இடத்திலும் இது அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை. மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் கூட்டி, வடிகாலைச் சரிசெய்யணும். இதற்கு மாறாக, கீழ் இலைகள் முழுசாக வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். மேலே தொடங்கியதா, கீழே தொடங்கியதா என்று பார்ப்பதிலேயே பாதி விடை வந்துவிடும்.

ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வெளிறிய நிறத்தில் வேறு மாதிரி இலையோடு குருத்து வந்தால், அது நீங்க வாங்கிய ரோஜா இல்லை, அடியில் இருக்கிற காட்டு ரோஜா. ஐந்து இலையா, ஏழு இலையா என்று எண்ணிக் கண்டுபிடிப்பதை நம்பாதீங்க. சில நல்ல வகைகளிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணைத் தள்ளிப் பாருங்க. காட்டுக் குருத்தை வெட்டினால் மறுபடி தழையும். பிறந்த இடத்திலேயே பிய்த்தெடுக்கணும். குச்சி நட்டு வளர்த்த பன்னீர் ரோஜாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அடியிலிருந்து வருவதும் பன்னீர் ரோஜாதான்.

சில குருத்துகள் நல்ல பச்சையாக வளர்ந்தும் நுனியில் மொட்டு இல்லாமல் நின்றுவிடும். வெளிச்சம் குறைந்தாலும் குளிர் கூடினாலும் இப்படி ஆகும். இதுவும் நோயில்லை. நல்ல கணு பார்த்து, அதற்கு மேலே வெட்டிவிட்டால் அடுத்த குருத்து பூவோடு வரும்.

இலை ஓரத்தில் காசு வைத்து நறுக்கியது போல அரைவட்டமாக வெட்டியிருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை, கூட்டுக்கு மெத்தை போடக் கொண்டுபோகிறது. பக்கத்துப் பந்தல் காய்க்கு மகரந்தம் சேர்ப்பதும் இதே கூட்டம்தான். விட்டுடுங்க.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று களைக்கொல்லிச் சாரல். பக்கத்து வயலில் கரும்புக்கோ சோளத்துக்கோ 2,4-டி அடித்தால், காற்றில் வரும் துளி பட்டே ரோஜாத் தளிர் முறுக்கி, இலை நாடா மாதிரி நீண்டுவிடும். கிளைபோசேட் பட்டால் அடுத்த தளிர்ப்பில் ஊசி போன்ற சின்னச் சின்ன இலைகள் கொத்தாக வரும். பட்ட நாளுக்கும் தெரியும் நாளுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுவதால், பலர் இதை வைரஸ் என்று நினைக்கிறார்கள். ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க. பாதிப்பு ஒரு பக்க வரப்போரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் சாரலைச் சந்தேகப்படணும். அங்கே எந்தக் கரைசலும் உதவாது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசி, காற்று நம்ம பக்கம் அடிக்கிற நேரத்தில் தெளிக்காமல் இருக்கச் சொல்வதும், அகத்தியோ சவுண்டலோ வைத்து உயிர்வேலி போடுவதும்தான் வழி. சான்று பெற்ற தோட்டமாக இருந்தால் நாளும் இடமும் எழுதி வைங்க.

செல்போன் படத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க

"ரோஜா, சிவப்புத் தளிர்" என்று செல்போனில் தேடினால், செடியைப் பிடுங்கி எரிக்கச் சொல்லும் ஒரு நோயின் படம் வந்து நிற்கும். 'ரோஸ் ரோசெட்' என்று பேர். அமெரிக்காவில் 1940களிலிருந்து பேசப்படும் நோய் இது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சிலந்தி இதைப் பரப்புகிறது. காரணம் ஒரு வைரஸ் என்பதை 2011இல்தான் உறுதி செய்தார்கள். அந்தப் படத்தையும் தன் தோட்டத்துத் தளிரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நல்ல செடியைப் பிடுங்கிப் போட நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நோயில் சிவப்பு என்பது அடையாளங்களில் ஒன்று மட்டும்தான். குருத்துகள் துடைப்பம் மாதிரி ஒரே இடத்தில் கொத்தாகக் கிளம்பும். தண்டு முழுக்க முள் அடைசலாக இருக்கும். இலை சிறுத்து முறுக்கும். வாரக்கணக்கில் ஆனாலும் சிவப்பு பச்சையாக மாறாது. இந்த நாலும் சேர்ந்து இல்லாமல், வெறும் சிவப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. நாலும் சேர்ந்தே தெரிந்தால், முதலில் களைக்கொல்லி பட்டதா என்று விசாரிங்க. அதுவும் இல்லையென்றால் அந்தச் செடியில் கத்தரிக்கோல் வைக்காமல், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்க.

நூல் கட்டிப் பார்ப்போம்

மூன்றாவது கேள்விக்கான வழி இதுதான். செலவு ஒரு உருண்டை நூல்.

தோட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடி, ஆக 5 செடிகளைத் தேர்ந்தெடுங்க. ஒவ்வொன்றிலும் ஒரு இளங்குருத்தின் அடியில் நூலைத் தளர்வாகக் கட்டுங்க. இறுக்கினால் குருத்து அறுபடும். நோட்டில் தேதி எழுதி, குருத்தில் எத்தனை இலை சிவப்பு, எத்தனை பச்சை என்று குறிச்சுக்கங்க. செல்போனில் படம் எடுத்து வச்சாலும் சரி. நாலு நாளுக்கு ஒரு தரம், அதே நேரத்தில் போய் அதே குருத்தைப் பாருங்க. இலையின் மேல், அடி, தண்டு, மொட்டு இந்த நாலு இடத்தையும் பார்த்து, வெள்ளைத்தாளில் ஒரு தட்டு தட்டுங்க.

கவாத்து செய்து ஒரு வாரம், பத்து நாளில் கணு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் சிவந்த குருத்து நீளும். நாலாவது வாரத்தில் அடி இலைகள் பச்சையாகி மொட்டு தெரியும். ஏறத்தாழ 45 நாளில் பூ. குளிர் கூடினால் சில நாள் தள்ளும். உங்க குருத்து இந்த வரிசையில் போனால் கவலை வேண்டாம். 12 நாள், அதாவது மூன்று பார்வை ஆன பிறகும் அடி இலையில்கூடப் பச்சை ஏறவில்லை என்றாலோ, கோணலும் புள்ளியும் புதுசாகச் சேர்ந்தாலோ, அப்போது அந்தச் செடிக்கு வேலை செய்யலாம். நடுவில் வெள்ளைத்தாளில் இலைப்பேன் விழுந்தாலும், விரலில் வெண்பொடி ஒட்டினாலும், சிற்றிலை உதிர்ந்தாலும் 12 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே இறங்கிடுங்க.

இரண்டு பருவம் இப்படிக் குறித்து வைத்தால், உங்க தோட்டத்து வகை எந்த நாளில் எந்த நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்கே மனப்பாடம் ஆகிடும். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டி வராது.

அடித்தே ஆகணும் என்றால்

இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க. இளந்தளிருக்கு எண்ணெய் ஆகாத வகைகளும் உண்டு. முதலில் இரண்டு மூன்று செடியில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்க. இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டுப்பொறி கட்டலாம். கெட்டுப்போன மொட்டைச் செடியில் விட்டுவைக்காமல் கிள்ளி அகற்றுங்க. அதற்குள்தான் அடுத்த தலைமுறை இருக்கும்.

சாம்பல் நோய்க்கு, ஆரம்பத்திலேயே பார்த்தால், 1 பங்கு பாலுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் தெளிக்கலாம். கூடிவிட்டால் கந்தகத் தூள் உதவும். சான்று பெற்றவர்கள் சான்று தருபவரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்தணும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் போடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லணும். தளிர் சிவப்பாக இருக்கிறது, செடிக்குச் சத்து இல்லை போல என்று நினைத்து, பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று வாரத்துக்கு இரண்டு முறை தெளிப்பவர்களைப் பார்க்கிறேன். இயற்கை இடுபொருளாக இருந்தாலும் தழைச்சத்து கூடினால் தளிர் சதைப்பற்றாக, மெதுவாக வரும். அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் அதைவிட நல்ல விருந்து கிடையாது. இல்லாத நோய்க்கு வைத்தியம் பண்ணி, இருக்கிற செடிக்கு நோயை வரவழைக்கிற வேலை அது. கவாத்தின்போது அடியில் மக்கிய உரமும், மூடாக்கும், மாதம் இருமுறை பாசனத்தோடு ஜீவாமிர்தமும் கொடுத்துவந்தால் தளிருக்கு வேண்டியது வேர் வழியாகவே போய்ச் சேரும்.

இந்த வாரம் தோட்டத்துக்குப் போகும்போது டேங்கை வீட்டிலேயே வச்சுட்டு, ஒரு வெள்ளைத்தாளும் கொஞ்சம் நூலும் எடுத்துட்டுப் போங்க. 5 குருத்தில் கட்டுங்க. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் நோட்டை அதன் கையில் கொடுங்க. நம்மைவிடப் பொறுமையாகப் பார்த்து எழுதும்.